பழைய புல்லட் 350: எந்த அறிகுறிக்கு என்ஜினை எவ்வளவு பிரிக்க வேண்டும்

"அண்ணாச்சி, வண்டி ரொம்பப் புகையுது. போர் பண்ணிருவமா?"

பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், எங்கே போனாலும் இதே கேள்விதான். நோயைச் சொல்லும்போதே வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறோம். புகை எப்போது வருகிறது, எந்த நிறம், ஏறும்போதா இறங்கும்போதா என்று பார்க்காமல் பேரலை, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரை, கழற்றினால், நல்ல பேரல் ஒன்று லேத்துக்குப் போய் உள்துளை தேவையில்லாமல் பெரிதாகி வரும். இதைத்தான் போர் பண்ணுவது என்கிறோம். பழைய காஸ்ட் அயர்ன் பேரலுக்கு ஆயுளில் கிடைக்கும் போர் வாய்ப்பே கொஞ்சம்தான். அதில் ஒன்றை வீணாக்குவது பெரிய நஷ்டம்.

இங்கே சொல்வதெல்லாம் அந்தக் காஸ்ட் அயர்ன் என்ஜினுக்கு: 70 மி.மீ. போர் (பேரலின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 346 சிசி, பாயிண்ட் இக்னிஷன், மிக்கார்ப் கார்புரேட்டர். 2009 வாக்கில் வந்த யூசிஇ (என்ஜினும் கியரும் ஒரே கூட்டுக்குள் உள்ள வகை) என்ஜினின் எண்ணெய் ஓட்டமும் அமைப்பும் வேறு. இதை அதற்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

வேலையை மூன்று ஆழமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது வெளிவேலை: பாயிண்ட், கார்ப், டாப்பெட் (வால்வு இடைவெளி), டைமிங் கவர் (வலது பக்க மூடி). அடுத்தது ஹாஃப் என்ஜின், அதாவது ஹெட்டும் பேரலும். கடைசியாக ஃபுல் என்ஜின், பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் வரைக்கும். அறிகுறி எந்த ஆழத்தைக் காட்டுகிறதோ அங்கேயே நின்றுகொள்ள வேண்டும். "எதுக்கும் ஒருமுறை முழுசாப் பார்த்துருவோம்" என்று கிராங்க் கேஸைப் பிளப்பது பழைய வண்டிக்கு நல்லதில்லை. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் மரை தளர்கிறது, சேரும் முகங்களில் கீறல் விழுகிறது.

நிறுத்தி வைத்து எடுத்தால் மட்டும் புகை

வண்டி இரண்டு மூன்று வாரம் நின்றிருக்கும். முதல் கிக்கில் தெருவே மறையும் அளவுக்கு நீலப்புகை. பத்து நிமிடத்தில் அடங்கிவிடும், பிறகு சுத்தமாக ஓடும். இதற்கு ரிங்கும் போரும் காரணமில்லை.

இந்த என்ஜினில் எண்ணெய்த் தொட்டி தனி அறை, கிராங்க் சுற்றும் அறை வேறு. இரண்டுக்கும் நடுவில் எண்ணெய்ப் பம்பின் டிஸ்க்குகள் காவல் நிற்கின்றன. டிஸ்க் தேய்ந்தாலோ அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, நிற்கும் வண்டியில் தொட்டி எண்ணெய் மெல்ல மெல்ல கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். சோதிப்பது எளிது. நின்ற வண்டியைக் கிக் பண்ணாமல், கிராங்க் அறையின் அடி பிளக்கைத் திறந்து பாத்திரத்தில் பிடியுங்கள். கொஞ்சம் எண்ணெய் வருவது இயல்பு. அரை லிட்டருக்கு மேல் கொட்டினால் பம்பைப் பார்க்க வேண்டும். டைமிங் கவரைக் கழற்றி, டிஸ்க்கையும் அது உட்காரும் முகத்தையும் நைஸ் பேஸ்ட் வைத்துத் தேய்த்துச் சமப்படுத்தி, ஸ்பிரிங்கை மாற்றினால் போதும். ஹெட்டில் கை வைக்க வேண்டியதில்லை.

இதோடு சேர்ந்து நடக்கும் ஒரு தவறும் உண்டு. நின்ற வண்டியின் டிப் ஸ்டிக்கைப் பார்த்து "எண்ணெய் குறைஞ்சிருக்கே" என்று மேலே ஊற்றுவார்கள். கீழே இறங்கிய எண்ணெய் பம்ப் ஓடியதும் தொட்டிக்குத் திரும்பும். அப்போது அளவு மிஞ்சி, பிரிதர் (என்ஜின் உள்ளழுத்தத்தை வெளிவிடும் குழாய்) வழியாக வெளியே கொட்டும். வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்த பிறகுதான் எண்ணெய் அளவு பார்க்க வேண்டும்.

ஏறும்போது புகை, இறங்கும்போது புகை

இதைக் கண்டுபிடிக்கச் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வரை ஒரு நடை போய்வந்தாலே போதும். பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவர் வரட்டும். அவர் உங்கள் சைலன்சரையே பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது விடாமல் நீலப்புகை வந்தால் ரிங், போர் பக்கம் சந்தேகம். ஏற்றத்தில் சுத்தமாக இருந்து, இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடிவிட்டு வந்து மறுபடி திறக்கும்போது குப்பென்று ஒரு புகை வந்தால் இன்லெட் வால்வு கைடு, அதாவது வால்வுத் தண்டு ஓடும் குழல். மூடிய நிலையில் என்ஜினுக்குள் உறிஞ்சல் கூடும். தளர்ந்த கைடு வழியாக ராக்கர் (வால்வை அமுக்கும் நெம்புகோல்) எண்ணெயை அது கீழே இழுத்துவிடும்.

கைடு என்றால் ஹெட் மட்டும் இறங்கினால் போதும். வால்வை ஒரு செ.மீ. தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தெளிவாக ஆடினால் கைடை மாற்றி, சீட் வெட்டி, வால்வையும் சீட்டையும் பேஸ்ட் வைத்துத் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். வால்வைச் சுற்றி ஈரம் கசிந்தால் லேப்பிங் போதவில்லை.

ரிங், போர் என்றால் பேரல் இறங்கும். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பேரலைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்து, மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே கட்டைவிரல் நகத்தை மெதுவாக மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். மேல் ரிங் திரும்புகிற இடத்தில் நகம் ஒரு படியில் தட்டும். அந்தப் படி தேய்மானத்தின் அளவைச் சொல்லும். நகம் தட்டாமல் வழுக்கிப் போனால், புது ரிங்கும் லேசான ஓனிங்கும் (உள்சுவரைக் கல்லால் தேய்ப்பது) போதுமா என்று போர் கேஜ் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். தட்டி நின்றால் போர்தான். கேஜ் அளக்கும்போது முன்பின் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை, மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். பிஸ்டன் முன்னும் பின்னும் அழுத்துவதால் போர் முட்டையாகத் தேய்ந்திருக்கும். ஒரே ஒரு அளவை எடுத்தால் ஏமாந்துபோவோம்.

பிஸ்டன் 20, 40, 60 சைஸ் என்று வரும், அதாவது அத்தனை தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூடுதல். தேவையான மிகச் சிறிய சைஸோடு நிற்பதுதான் சரி. "40 போட்டா வேகம் கூடும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 40 சைஸ் என்பது சுமார் 1 மி.மீ. கூடுதல். 71 மி.மீ. போருக்கு 356 சிசி வரும். 346லிருந்து 10 சிசிதான் ஏற்றம், நூற்றுக்கு 3 கூட இல்லை. அதை ஓட்டுகிறவர் உணரவே முடியாது. பேரல் சுவர் மெலிந்ததும், அடுத்த போருக்கு இடம் குறைந்ததும் மட்டும் உண்மை.

பிஸ்டன் கைக்கு வந்த பிறகே பேரலை லேத்துக்குக் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அது கேட்கும் இடைவெளிக்குப் போர் பண்ணச் சொல்ல வேண்டும். "40 சைஸுக்குப் போட்டு வையுங்க, பிஸ்டன் அப்புறம் வாங்கிக்கிறேன்" என்ற பேச்சே கூடாது. இரண்டு கம்பெனி பிஸ்டன்கள் ஒரே சைஸில் ஒரே அளவாக இருக்கும் என்று நம்ப முடியாது. ரிங்கை வெறும் போருக்குள் விட்டுப் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். இந்தப் போர் விட்டத்துக்குச் சுமார் 0.3 மி.மீ. இருக்கலாம். இடைவெளி இல்லாத ரிங் சூட்டில் விரிந்து பேரலைப் பிடித்துக்கொள்ளும்.

திசையன்விளை, உவரி, குட்டம் பக்கம் ஓடும் வண்டி என்றால் ஏர் ஃபில்டரையும் அதற்கும் கார்புக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயையும் பார்க்காமல் வேலையை முடிக்காதீர்கள். தேரிக்காட்டுச் செம்மணல் மாவு போன்ற நைஸ். குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், அந்த மண் உள்ளே போய்ப் புதிய ரிங்கைத் தேய்த்துவிடும். போர் பண்ணி ஒரு வருடத்துக்குள் மறுபடி புகைக்கிற வண்டிகளில் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் குழாயைத்தான்.

கரும்புகை என்றால் பெட்ரோல் மிகுதி. சோக், ஃப்ளோட், அடைத்த ஏர் ஃபில்டர். என்ஜினைத் திறக்கவே வேண்டாம்.

கிக்கர் கனமே இல்லாமல் இறங்குகிறது

முதலில் டீகம்ப்ரஷர் (கிக் அடிக்க எளிதாக அழுத்தத்தை வெளிவிடும் வால்வு) கேபிளைப் பாருங்கள். அது இழுபட்டு நின்றால் வால்வு மூடாது, கம்ப்ரஷன் இருக்காது. அடுத்தது டாப்பெட். என்ஜின் ஆறியிருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்க, புஷ் ராட் (ராக்கரைத் தள்ளும் தண்டு) விரலால் தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. அந்த அளவுதான் சரி. சுழலாமல் இறுகியிருந்தால் சூடானதும் வால்வு திறந்தே நிற்கும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும்.

இரண்டும் சரி, ஆனாலும் கம்ப்ரஷன் இல்லை என்றால் ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு, நாலைந்து கிக் அடித்துப் பாருங்கள். கனம் திரும்பி வந்தால் ரிங், போர். எண்ணெய் விட்ட பிறகும் மாற்றமில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் சேருமிடம். ஹெட் மட்டும் இறங்குமா, பேரலும் இறங்குமா என்பதை இந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயே சொல்லிவிடும்.

சத்தம்

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தினால் எந்த இடத்தில் சத்தம் என்று ஓரளவு பிரித்துவிடலாம். மேலே மெல்லிய "டிக் டிக்" டாப்பெட் அல்லது ராக்கர். குளிர்ந்த என்ஜினில் "டக் டக்" என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் பிஸ்டன் தட்டல், அவசரமில்லை, ஓட்டலாம். இடது பக்க கவருக்குள் சலசலப்பு என்றால் பிரைமரி செயின் (கிராங்கிலிருந்து கிளட்சுக்குப் போவது) தளர்வு.

பயப்பட வேண்டியது அடியிலிருந்து வரும் கனத்த "தட் தட்". சுமையில் கூடும், ஆக்ஸிலரேட்டரை மூடித் திறக்கும் நொடியில் தெளிவாகக் கேட்கும். இது பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் பெரிய முனை. அந்தச் சத்தத்தோடு வண்டியை ஓட்டவே கூடாது. பேரலை இறக்கி, கிராங்கை உச்சிக்குக் கொண்டுவந்து, கனெக்டிங் ராடை இரு கையாலும் பிடித்து நேர் மேலும் கீழும் அசையுங்கள். பக்கவாட்டு அசைவு இயல்பானது, அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். மேல்கீழ் ஆட்டம் கைக்குத் தெரிந்தால் ஃபுல் என்ஜின்.

ஃபுல் என்ஜின் என்று முடிவானதும் எல்லோரும் புது கிட் தேடி ஓடுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, பழைய பிக் எண்ட் ஏன் போனது? இந்த என்ஜினில் பிக் எண்டுக்குப் போகும் எண்ணெய் வழியும் ராக்கருக்குப் போகும் வழியும் ஒன்றில்லை. ராக்கர் பைப்பைத் தளர்த்தி எண்ணெய் வருவதைப் பார்த்துவிட்டு "பம்ப் நல்லா இருக்கு" என்று மூடிவிடுவார்கள். டைமிங் கவரிலிருந்து கிராங்க் நுனிக்குள் எண்ணெய் நுழையும் இடத்தில் சின்ன சீல் ஒன்று இருக்கிறது. அது காய்ந்தோ நசுங்கியோ இருந்தால் எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் அறையிலேயே வழிந்துவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. டைமிங் கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சீலைப் புதிதாகப் போட வேண்டும். ஃபெல்ட் ஃபில்டரை மாற்றும்போதும் அந்த அறையில் எண்ணெய் நிரப்பியே மூட வேண்டும். காலியாக மூடினால் பிக் எண்ட் சில நிமிடம் வறண்டு சுற்றும்.

கவருக்குள் இன்னொரு எச்சரிக்கை. கிராங்க் நுனியில் பம்பை ஓட்டும் வார்ம் (திருகுப் பல் கியர்) இடது மரை. வழக்கமான பக்கம் திருகி பலம் போட்டால் உடைந்துவிடும்.

கிராங்கைச் சேர்த்துத் தரும் லேத்துக்காரர் டயல் கேஜ் வைத்து இரு பக்க ஷாஃப்டையும் நேர் பார்க்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். 2 தௌ-க்குள் ஓட்டம் இருக்க வேண்டும். கண்ணாலும் சுத்தியலாலும் மட்டும் நேர் பார்க்கும் இடத்தில் கிராங்கைக் கொடுக்காதீர்கள்.

மேம்படுத்துவது எங்கே பயன்படும்

பழைய அமைப்பில் பிக் எண்ட் ஃப்ளோட்டிங் புஷ் (தளர்வாகச் சுழலும் உலோக வளையம்). எண்ணெய் ஒழுங்காகப் போய், நிதானமாக ஓட்டினால் நீண்ட காலம் உழைக்கும். வயலுக்கும் கடைக்கும் போய்வருகிற வண்டிக்கு அதுவே போதும். ஆனால் நாலுவழிச் சாலை வந்த பிறகு பலரும் நாங்குநேரி, வள்ளியூர் என்று தொடர்ந்து வேகமாக ஓட்டுகிறார்கள். 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள என்ஜின் 4,000 சுற்றில் ஓடினால் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 12 மீட்டர் ஓடுகிறது. அந்தப் பாட்டைத் தினமும் படுகிற வண்டிக்கு, எப்படியும் கிராங்க் பிரிந்திருக்கும்போதே ரோலர் பேரிங் கனெக்டிங் ராட் போடுவது நல்ல செலவு. ரோலர் எண்ணெய்க் குறைவைச் சற்றுத் தாங்கும். அடுத்து நல்ல எண்ணெய்ப் பம்ப். அதற்குப் பிறகுதான் எலக்ட்ரானிக் இக்னிஷன்.

350ஐ 500 ஆக்குவது பற்றிக் கேட்பவர்களுக்கு: 84 மி.மீ. போர் வேண்டும், பேரல், ஹெட், பிஸ்டன் எல்லாம் மாறும். ஆர்சி புக்கில் உள்ள விவரத்தோடு வண்டி மாறுபட்டு நிற்கக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் செய்தால் விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ் கைவிட்டுவிடக்கூடும். என் கருத்து, நல்ல நிலையில் உள்ள 350ஐ அப்படியே காப்பாற்றுவதே மேல்.

சூடும் பிங்கிங்கும்

ஏற்றத்தில் சில்லறை குலுங்குகிற மாதிரி ஹெட்டுக்குள் சத்தம், கூடவே இழுவை குறைவு. இதில் இக்னிஷன் டைமிங் முதல் சந்தேகம். அட்வான்ஸ் (வேகம் கூடும்போது டைமிங்கை முந்தவைக்கும் அமைப்பு) விரியாத நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு பாயிண்ட் திறக்க வேண்டும். ஸ்விட்சைப் போட்டுக் கிக்கரை மெல்ல அமுக்கும்போது ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்குத் திரும்புகிற நொடியே பாயிண்ட் திறக்கிற நொடி. பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்த பிறகே டைமிங் பார்க்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும்.

டைமிங் சரியாக இருந்தும் சூடு என்றால் பெட்ரோல் கலவை மெலிந்திருக்கும். இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்கு வைத்த ஜெட்டில் கலவை சற்று மெலிந்தே எரியும். பிளக்கைக் கழற்றிப் பார்த்து வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டிப் பாருங்கள். கார்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் காற்று இழுக்கிறதா என்பதையும் அதற்கு முன் பார்த்துவிட வேண்டும். வண்டி மாதக்கணக்கில் நிற்குமானால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்க் அடியில் தண்ணீர் தங்கும், ரப்பர் குழாயும் இறுகும்.

நம் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று வள்ளியூர், காவல்கிணறு பக்கம் வண்டியையே தள்ளும். அந்தக் காற்றை எதிர்த்து அதே வேகத்தைப் பிடிக்க ஆக்ஸிலரேட்டர் முழுக்கத் திறந்தே இருக்கும், என்ஜின் மலையேறுவதற்குச் சமமாக உழைக்கும். புதிதாகப் போர் பண்ணிய வண்டியை அந்த மாதங்களில் கன்னியாகுமரிச் சாலையில் ஓட்டிப் பழக்காதீர்கள். சேரன்மகாதேவி, முக்கூடல் சாலை போதும்.

சாரலில் நிற்கிறது, பின்னால் உதைக்கிறது

குற்றாலச் சீசனில் நிற்கிற வண்டிக்கு என்ஜின் வேலை எதுவும் வேண்டாம். பாயிண்ட் கவரின் கேஸ்கெட், ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் எச்டி வயர், பிளக் கேப் மூன்றையும் பாருங்கள். பாயிண்ட் முனை கருகி நீலம் பூத்திருந்தால் கண்டன்சர் போய்விட்டது. கிக்கர் காலைத் திருப்பி உதைத்தால் டைமிங் முந்தியிருக்கிறது அல்லது ஆட்டோ அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

எங்கும் எண்ணெய்க் கசிவு

ஒரே நேரத்தில் பல இடத்தில் கசிந்தால் கேஸ்கெட் வாங்கப் போகாதீர்கள். பிரிதர் குழாயும் அதன் ரப்பர் வால்வும் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே அழுத்தம் வெளியேற வழியில்லை என்றால் எந்தப் புது கேஸ்கெட்டும் நிற்காது. பிரிதர் சுத்தமாக இருந்தும் அதில் புகை பலமாக ஊதினால், ரிங் வழியாக எரிவாயு கீழே இறங்குகிறது என்று பொருள்.

வேலை முடிந்த வண்டியில்

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்து, ராக்கர் பைப்பில் எண்ணெய் எட்டிப் பார்க்கும் வரை கிக் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் லேசான புகை வருவது பூட்டும்போது தடவிய எண்ணெய். சில நிமிடத்தில் அடங்க வேண்டும். 100 கி.மீ. தாண்டியும் விடாமல் புகைத்தால் ரிங் தலைகீழாகப் போயிருக்கலாம், உடைந்திருக்கலாம், அல்லது ரிட்டர்ன் பம்ப் எண்ணெயை இழுக்காமல் கிராங்க் அறை நிரம்பியிருக்கலாம். பேரலைத் தூக்குவதற்கு முன் அடி பிளக்கைத் திறந்து பாருங்கள்.

முதல் 500 கி.மீ.க்கு 50ஐத் தாண்ட வேண்டாம். ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாமல் கூட்டிக் குறைத்து ஓட்டினால் ரிங் நன்றாகப் படியும். முதல் சூடு ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் மறுபடி முறுக்கி, டாப்பெட்டைத் திரும்ப வைக்க வேண்டும்.

300 கி.மீ.க்குள் எண்ணெயை மாற்றிவிடுங்கள், இரண்டு அறையிலிருந்தும். வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி புது ரிங்கும் பேரலும் படிந்ததன் மிச்சம். அடுத்த எண்ணெயில் குறையும். வெள்ளி மாதிரிச் செதில் என்றால் பிஸ்டன் உரசியிருக்கிறது, பேரலை இறக்கிப் பார்த்தே ஆக வேண்டும். வெண்கல நிறத்தில் மினுமினுத்தால் ஏதோ ஒரு புஷ் தேய்கிறது: சிறு முனை, டைமிங் பக்கம், ஃப்ளோட்டிங் புஷ் வண்டியானால் பிக் எண்டும். அந்த நிலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் டைமிங் கவரைத் திறந்து, முதலில் அந்தச் சின்ன சீலைப் பாருங்கள்.